ஜாதகத்தின் முதுகில் பச்சைக் கையெழுத்து

விருத்தாசலம்,
ஆவணி 18, புதன்கிழமை.

மகா கனம் பொருந்திய சட்டமன்ற உறுப்பினரும், என் கூடப்பிறந்த அக்கா சொர்ணாம்பாளின் வீட்டுக்காரரும், என்னை இருபத்தாறு வருஷமாக "வெளங்காதவனே" என்று வாய் நிறைய அழைப்பவருமாகிய மாமா கோதண்டபாணி அவர்களின் சமூகத்துக்கு, மச்சான் செந்தமிழன் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் சம்சாரம் நீலாவதியும், உங்கள் மகள் கயல்விழியும், சூளையும் சுகம். தாங்களும் சென்னையில் சுகமாக இருப்பதாக உங்கள் உதவியாளர் பிரவீன்குமார் மூலமாக அறிந்தேன். இந்த வாரத்தில் மட்டும் ஏழு தடவை அறிந்தேன். ஏழு தடவையும் அவர், "ஐயா நல்லா இருக்காரு, மீட்டிங்ல இருக்காரு" என்றுதான் சொன்னார். வாட்ஸப்பில் அனுப்பிப் பார்த்தேன். நீங்கள் கை கூப்பி நிற்கிற படத்தோடு, "தங்கள் கோரிக்கை பெறப்பட்டது, நன்றி" என்று பதில் வந்தது. நான் அனுப்பிய கோரிக்கை, "மாமா, சாப்டீங்களா" என்பது. அது இப்போது எந்த இலாகாவில் நிலுவையில் இருக்கிறதோ தெரியாது.

அதனாலதான் பேனா எடுத்தேன். பேருதான் செந்தமிழன், படிச்சது அஞ்சாவது, அதுவும் முழுசா இல்லன்னு உங்களுக்கே தெரியும். ஆரம்பத்துல மரியாதைக்கு நாலு வரி நல்ல தமிழ் எழுதிட்டேன், கை வலிக்குது. இனிமே வாயில வர்ற மாதிரிதான் வரும், பொறுத்துக்குங்க.

விசயம் ஒண்ணே ஒண்ணுதான். வர்ற செப்டம்பரு பன்னெண்டாந் தேதி வெள்ளிக்கிழம, காலையில ஒம்போதுலேருந்து பத்தரைக்குள்ள நம்ம வூட்டுல கயலுக்கு நிச்சயதார்த்தம். இது மூணாவது தேதி. மொத தேதி சேத்தியாத்தோப்புல பாலந் தெறக்கப் போனதுல போச்சு, ரெண்டாவது தேதி கட்சிக் கூட்டத்துல போச்சு. இந்தத் தடவையும் நீங்க வரலன்னா இந்தச் சம்மந்தம் இதோட முடிஞ்சிது. இத நான் சொல்லல, கயலு சொல்லிட்டா. "வெள்ளிக்கிழம அப்பா வரலன்னா நான் பொடவ மாத்த மாட்டேன் மாமா, வந்தவங்களுக்குக் காபி குடுத்து அனுப்பிச்சிடுங்க"ன்னா. அழுதுகிட்டு சொல்லியிருந்தா நான் சமாதானம் பண்ணியிருப்பேன். சூளைக்கு ஏத்தற சரக்க எண்ணிக்கிட்டே சொன்னா. அதான் எனக்குப் பயமா இருக்குது. இத நான் உங்களுக்கு எழுதறேன்னு அவளுக்குத் தெரியக்கூடாது.

அவ கோவத்துக்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது. சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க யாருன்னு உங்களுக்கே கொஞ்சம் ஞாபகப்படுத்தணும். மேடையில உங்க வாழ்க்க வரலாற ஆளாளுக்குப் படிக்கறானுங்க, நானும் ஒரு தடவ படிக்கறேனே, மால போடாம கேளுங்க.

நான் வேல கேட்டு வந்த அன்னைக்கு நீங்க இன்னொருத்தரு பட்டறையில சரக்குப் பாக்கற ஆளு. சூளையிலேருந்து எறக்கின பீங்கான் பியூஸ் கேரியர மலை மாதிரி குமிச்சி வெச்சிகிட்டு, ஒண்ணொண்ணா எடுத்து வெரல் நகத்தால சுண்டிக் காதுல கேப்பீங்க. நல்ல சரக்குன்னா 'கிண்'ணுங்கும். உள்ளுக்குள்ள விரிசல் வுட்டிருந்தா 'டொக்'குங்கும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு நாளைக்கி மூவாயிரம் சுண்டுவீங்க. என்னையும் தலையில ஒரு சுண்டு சுண்டிட்டு, "டொக்குதான், ஆனா பொண்டாட்டி தம்பி, தள்ள முடியாது"ன்னு வேலைக்கி வெச்சீங்க. அப்புறம் சொந்தமா நாலு அச்சு, மூணு ஆளு, அரை ஷெட்டோட 'சொர்ணம் செராமிக்ஸ்' ஆரம்பிச்சீங்க. பியூஸ் கேரியரு, கொலுப் பொம்ம, டீ கப்பு. கிண்ணுன்னு இருக்கறதெல்லாம் லாரியில ஏறும். டொக்கெல்லாம் வூட்டுக்கு வரும். அக்கா ஆயுசு பூரா விரிசல் வுட்ட கப்புலயேதான் டீ குடிச்சுது. "உங்க மாமனுக்கு ஊருக்குன்னா கிண்ணு, எனக்குன்னா டொக்கு"ன்னு சிரிக்கும். அப்ப அது கப்பப் பத்திதான் சொல்லுச்சு.

பட்டறைங்க இருக்கற ரோடு ஒரு மழக்காலத்துல குளமாப் போயி லாரியெல்லாம் மாட்டிக்கிட்டு நின்னுச்சே, அந்தக் கதைய மட்டும் நான் எங்க போனாலும் சொல்லுவேன் மாமா. பதினஞ்சு பட்டறக்காரங்க மனு எடுத்துகிட்டு ஆபீசுக்குப் போனோம். அங்க இருந்த அதிகாரி நிமுந்து பாக்காமலே கைய நீட்டி, "வெச்சிட்டுப் போங்க"ன்னாரு. மத்தவங்கல்லாம் வெக்கறதுக்குக் குனிஞ்சாச்சு. நீங்க ஒருத்தருதான் மனுவப் பின்னால இழுத்துகிட்டு, "சார், மொகத்தப் பாத்து வாங்குனாதான் குடுப்பேன்"னீங்க. அந்தாளு "என்னய்யா?"ன்னாரு, அப்பவும் நிமுரல. நீங்க தரையில சப்பணம் போட்டு உக்காந்துட்டீங்க. நீங்க உக்காந்துட்டீங்களேன்னு நாங்களும் உக்காந்தோம். எனக்கு அன்னைக்கி வயித்து வலி வேற. ரெண்டு நாளு. ரெண்டாம் நாளு சாயங்காலம் அந்த அதிகாரி நாற்காலிய வுட்டு எழுந்து வந்து, உங்க முன்னாடி குந்தி, உங்க மொகத்தப் பாத்து, "சொல்லுங்க"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கிதான் ஊரே கை தட்டுச்சு. ரோடு வந்தது அப்புறம்.

அதுலேருந்துதான் எல்லாம். சங்கத்துக்குத் தலைவரு ஆனீங்க. கட்சியில ரெண்டு பெரிய ஆளுங்க சீட்டுக்கு அடிச்சிக்கிட்டதுல, ரெண்டு பேருக்கும் புடிக்காத ஆளுன்னு உங்களுக்குக் குடுத்தாங்க. ஊரெல்லாம் செவுத்துல, 'உங்கள் முகம் பார்த்துப் பேசும் கோதண்டபாணி'ன்னு எழுதினோம். நம்ம வூட்டுச் செவுத்துல நானே எழுதினேன், எடம் பத்தாம உங்க பேருல பாதி பக்கத்து வூட்டுச் செவுத்துக்குப் போயிடுச்சு, அவங்க எதிர்க்கட்சி. அறநூத்துப் பதினோரு ஓட்டுல ஜெயிச்சீங்க. சட்டசபையில நீங்க மொதத் தடவ பேசறத டிவியில பாக்கறதுக்குப் பட்டறைக்கி அரை நாளு லீவு வுட்டோம். நாலு செகண்டு காட்டினான். நாலு செகண்டும் நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க. "யோசிக்கறாருடா"ன்னுச்சு அக்கா. யாரும் மறுத்துப் பேசல.

இதுவரைக்கும் கிண்டல். இனிமே வர்றது கிண்டல் இல்ல.

மூணு வருசம் முன்னாடி ஐப்பசியில அக்கா போன அன்னைக்கி நீங்க சென்னையில. நீங்க வந்து சேரும்போது சாயங்காலம் நாலு மணி. வாசல்ல காரு, மால, அதிகாரிங்க, வரிசை. சொந்த வூட்டுக்குள்ள போறதுக்கு உங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. அக்கா பக்கத்துல உக்கார வுடல உங்கள. எண்ணூறு பேரு கையப் புடிச்சி வுட்டீங்க. அந்தக் கூட்டத்துல எவனோ ஒருத்தன், பாவி, மனுவ நீட்டுனான். நீங்க அத வாங்கி, அக்கா காலுமாட்டுல நின்னுகிட்டு, என் முதுகுல வெச்சிக் கையெழுத்துப் போட்டீங்க. ஆமா மாமா, என் முதுகுலதான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. காரியம் முடிஞ்சப்பறம் கேட்டேன், "அன்னைக்கிக் கூடவா மாமா?"ன்னு. நீங்க சொன்னது எனக்கு மறக்கல: "கையி சும்மா இருந்தா நடுங்குது மாப்ள."

அன்னைலேருந்து உங்க கை சும்மா இருக்கல. நானும் பாத்துகிட்டுதான் இருக்கேன். எவன் வூட்டுக் கல்யாணம், எவன் வூட்டுச் சாவு, காதுகுத்து, கட ஓப்பனிங்கு, எல்லாத்துலயும் நீங்க. நம்ம வூட்டுல மட்டும் இல்ல. வந்தாலும் செருப்ப வாசல்லயே வுட்டு, டீயக் குடிச்சிட்டு, நின்னவாக்குலயே "போயிட்டு வரேன்" தான். காகிதம்னு எது நீட்டுனாலும் பச்ச மையில கையெழுத்து. ஹோட்டல்ல சர்வரு பில்லு வெச்சாரு, அதுல 'பரிந்துரை செய்யப்படுகிறது'ன்னு எழுதிக் குடுத்தீங்க. அது சிரிப்பா இருந்துச்சு. போன மாசம் நடந்தது அப்பிடி இல்ல.

மாப்பிள்ளையோட அப்பா குருமூர்த்தி, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரரு, நாலு காணி நெலத்துல நெல்லு போட்டு, மகன் கோகுலகிருஷ்ணன படிக்க வெச்சி பெண்ணாடத்துல சக்கர ஆலையில வேலைக்கி அனுப்பின மனுசன். ரெண்டு தேதி தள்ளிப் போனதும் அவருக்குக் கவல. "சம்மந்தியாரு பெரிய வேலையில இருக்காரு, நம்மளே போயி ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வருவோம்"னு, வெத்தல பாக்கு, ஒரு சீப்புப் பழம், மஞ்ச தடவின மகன் ஜாதகம் எல்லாம் எடுத்துகிட்டு, பஸ்ஸு ஏறி இங்க இருக்கற உங்க தொகுதி ஆபீசுக்கு வந்திருக்காரு. அன்னைக்கி செவ்வாக்கிழம. மனு வாங்கற நாளு. பிரவீன்குமாரு அவரப் பாத்து, "பெரியவரே, வரிசையில உக்காருங்க"ன்னு டோக்கன் குடுத்திருக்காரு. நாப்பத்தேழு. பெரிய எடத்துல பொண்ணு எடுத்தா இப்பிடித்தான் போல இருக்குன்னு அவரும் உக்காந்துட்டாரு. ரெண்டரை மணி நேரம். அவரு முறை வந்தப்ப நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. கைய நீட்டினீங்க. அவரு ஜாதகத்தக் குடுத்தாரு. நீங்க அதத் திருப்பிப் போட்டு, முதுகுல, 'வட்டாட்சியர், உரிய நடவடிக்கைக்கு'ன்னு எழுதி, பச்ச மையில கையெழுத்துப் போட்டு, "கவலப்படாதீங்க, முடிச்சிடலாம்"னீங்க. பக்கத்துல இருந்தவன் அத வாங்கிக் கோப்புல சொருகிட்டான். அவரு சந்தோசமா வெளிய வந்து எனக்குப் போன் பண்ணி, "தம்பி, சம்மந்தி முடிச்சிடலாம்னு வாயால சொல்லிட்டாரு, ஜாதகத்த மட்டும் அவரே வெச்சிகிட்டாரு"ன்னாரு.

அஞ்சாம் நாளு அவரு வூட்டுக்கு வி.ஏ.ஓ. வந்துட்டாரு மாமா, கையில ஜாதகத்தோட. "இது மகன் ஜாதகங்க, கல்யாணத்துக்குங்க"ன்னு சொல்லியிருக்காரு. "தெரியுதுங்க பெரியவரே, எனக்கும் ஜாதகம் தெரியும். ஆனா எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டு வந்த காகிதம். நடவடிக்க எடுக்காம திருப்ப முடியாது. ஆதார், ரேசன் கார்டு, ரெண்டு சாட்சி"ன்னாராம். மூணு வூடு ஏறி எறங்கி விசாரிச்சி அறிக்க எழுதியிருக்காரு. அதோட நகல நான் பாத்தேன், மனப்பாடமே ஆயிடுச்சு: 'நேரில் விசாரித்ததில், மனுதாரரின் மகன் திருமணமாகாதவர் என்பதும், நற்பழக்கம் உடையவர் என்பதும், அன்னாருக்கு நடப்பில் குருபலன் உள்ளது என்பதும் அக்கம்பக்கத்தாரால் உறுதி செய்யப்படுகிறது.' ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்துலயே அரசாங்கம் விசாரிச்சி நல்லவன்னு சொன்ன ஒரே மாப்பிள்ள நமக்குத்தான் கெடச்சிருக்காரு.

பட்டறையில இதக் கேட்டுட்டு எல்லாரும் உருண்டு பொரண்டு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். குருமூர்த்தியும் வி.ஏ.ஓ. முன்னாடி சிரிச்சிதான் அனுப்பியிருக்காரு. ஆனா ஞாயித்துக்கிழம பஸ் ஸ்டாண்டு டீக்கடையில என்னப் பாத்தப்ப சிரிக்கல. டீயக் கையிலயே வெச்சிகிட்டு, "தம்பி, நான் அவரு முன்னாடி முழுசா ரெண்டு நிமிசம் நின்னேன். என் மொகத்த அவரு பாக்கல. பெரிய மனுசரு, வேல இருக்கும், நான் தப்பா எடுத்துக்கல. ஆனா நாளைக்கி அந்தப் பொண்ணு எங்க வூட்டுலேருந்து ஒரு கஷ்டம்னு வந்து நின்னா, அப்பவாவது நிமுந்து பாப்பாரா?"ன்னாரு. எப்பவும் எதையாவது சொல்லி சமாளிக்கறவன் நான். அன்னைக்கி டீக்குக் காசு மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன்.

நாற்காலியில இருந்தவர எழுந்து வந்து மொகத்தப் பாக்க வெச்சவரு நீங்க. அதுக்குத்தான் ஊரு ஓட்டுப் போட்டுச்சு. அந்த மனுசன் முன்னாடியே ஒருத்தரு ஜாதகத்தோட ரெண்டு நிமிசம் நின்னிருக்காரு. டீக்கடையில அவரு சொன்னத நான் கயலு கிட்ட சொல்லல. நீலாவதி சொல்லிட்டா. அதுக்கப்புறந்தான் அந்தப் பொடவ பேச்சு.

இப்ப நான் கண்டுபுடிச்சத சொல்றேன், கோவப்படாதீங்க. நீங்க வேலையினால தேதி தள்ளலை. உங்க டிரைவரு பாண்டியன் நல்லவன், என் தொந்தரவு தாங்காம சொல்லிட்டான், அவன ஒண்ணும் பண்ணாதீங்க. பெண்ணாடத்துல ஒரு கல்யாணத்துக்குத் தலைம தாங்கிட்டுத் திரும்பறப்ப, வண்டியில "பாண்டியா, நிச்சயத்துல தட்டு மாத்தறதுக்குப் பொண்ணப் பெத்தவங்க ரெண்டு பேரா உக்காரணும் இல்ல? நான் ஒண்டியா எப்பிடிய்யா உக்காருவேன்"னு கேட்டீங்களாம். அவன் பதில் சொல்றதுக்குள்ள மடியில இருந்த மனுக்கட்டப் பிரிச்சிக் கையெழுத்துப் போட ஆரம்பிச்சிட்டீங்களாம். ரோட்டுப் பள்ளத்துல வண்டி குதிக்கக் குதிக்கப் போட்டீங்களாம். அந்த மனுக்காரங்க பாடு என்ன ஆச்சோ.

மாமா, போனது எனக்கு அக்கா, எனக்கும் தெரியும். பக்கத்து எடம் காலியா இருக்கறப்ப உக்கார்றது லேசு இல்ல. அதுக்கும் ஒரு வழி வெச்சிருக்கேன். மொறைப்படி தாய்மாமன் நானு. நானும் நீலாவதியும் தம்பதியா உக்காந்து தட்ட மாத்திடறோம். நீங்க சட்ட மடிப்புக் கலையாம பக்கத்துல நின்னா போதும். வந்து நின்னீங்கன்னா போதும், அவ பொடவ மாத்திடுவா. இதுவும் அவளுக்குத் தெரியக்கூடாது, நான் ஏதாவது காரணம் சொல்லிச் சமாளிச்சிக்கறேன். ஒரே வண்டியில வாங்க. பின்னாடி பன்னெண்டு வண்டி, கொடி, பட்டாசு வேணாம். பிரவீன்குமாரக் கூட்டிக்கிட்டு வர வேணாம், அவரு மாப்பிள்ள வூட்டாருக்கு டோக்கன் குடுத்தாலும் குடுப்பாரு. பேனாவயும் வூட்டுல வெச்சிட்டு வாங்க. கை நடுங்குச்சுன்னா நடுங்கட்டும், குருமூர்த்தி கையப் புடிச்சிக்குங்க. அவரு நெலத்துல உழைச்ச கை, அசையாது.

வேற விசேசம் ஒண்ணும் இல்ல. தட்டு கடையில வாங்க வேணாம்னு நம்ம சூளையிலயே பீங்கான்ல ஒண்ணு போட்டேன். சூளையில வெந்தா சரக்கு சுருங்கும்ங்கறத இருபத்தாறு வருச சர்வீசுல நான் ஒருத்தன்தான் மறந்தேன். வெத்தல பாக்கு நிக்குது, தேங்கா நிக்க மாட்டேங்குது. சுண்டிப் பாத்தேன், கிண்ணுங்குது. அதனால வெச்சிருக்கேன்.

எல்லாம் வல்ல விருத்தகிரீஸ்வரர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், குறைஞ்ச மீட்டிங்கையும் தரட்டும். அக்கா படத்துக்கு நேத்து பூ மாத்தியாச்சு. நீலாவதி உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னா, மருந்து வேளைக்கிப் போடுறீங்களான்னும் கேக்கச் சொன்னா.

இப்படிக்கு, தங்கள் மேல் எத்தனை கிண்டல் உண்டோ அத்தனை மரியாதையும் உள்ள மச்சான்,
செந்தமிழன் (டொக்கு)

பின்குறிப்பு: மேலே கண்ட தட்டு மாத்தற ஏற்பாடு ரத்து. கயலுக்குத் தெரியக்கூடாதுன்னு ரெண்டு எடத்துல எழுதியிருக்கேன் இல்ல? கவர் மேல உங்க சென்னை விலாசத்த எழுத வேற யாருக்கும் தெரியலன்னு அவகிட்டதான் குடுத்தேன். ஒட்டாம குடுத்துட்டேன். வாசல் படியில உக்காந்து மொத வரியிலேருந்து கடைசி வரைக்கும் படிச்சா. டீக்கடை பக்கத்த ரெண்டு தடவ படிச்சா. நான் திட்டு வாங்கறதுக்குத் தயாரா நின்னேன். அவ எழுந்தா. உள்ள போயி, நீங்க வுட்டுட்டுப் போன பச்சப் பேனாவ எடுத்தாந்து, நானும் நீலாவதியும் உக்காருறோம்னு எழுதின வரிய நடுவுல ஒரு கோடு போட்டு அடிச்சிட்டா. அப்புறம் கடைசிக் காகிதத்தத் திருப்பி, முதுகுல எழுதிக் குடுத்தா. கையெழுத்துப் போட்டு வந்த காகிதத்த நடவடிக்க எடுக்காம திருப்ப முடியாதுன்னு வி.ஏ.ஓ.வே சொல்லியிருக்காரு. அவ எழுதினது இதுதான்:

'இம்மனு, பெண்ணின் தகப்பனாருக்கு அனுப்பப்படுகிறது. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குள் நேரில் ஆஜராகி உரிய நடவடிக்கை எடுக்கவும். தட்டை அவரே மாற்ற வேண்டும். பாய் இரண்டு பேர் உட்காரும் அளவுக்குப் போடப்பட்டுள்ளது. பக்கத்து இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.
கயல்விழி, சொர்ணம் செராமிக்ஸ்.'